சர்வரைச் சாய்த்தவர்

தௌசீஃபை ஸ்டேஷனில் உட்கார வைத்து, அவன் செல்போனையும் லேப்டாப்பையும் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டதாகத் தகவல் வந்ததும், முதலாளி ஜெபசிங் அண்ணாச்சியின் முகம் தெளிந்தது.

“இனி சர்வர் எப்படி விழுதுன்னு பாப்போம்” என்று தன் கண்ணாடி அறைக்குள் போனார்.

ஜஸீமா கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். பல நாளாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை. ராயபுரத்தில் இருந்த அந்தச் சின்ன ஏற்றுமதி ஏஜென்சியின் கப்பல் காகிதங்கள் எல்லாம் ஒரே ஒரு பழைய சர்வர் வழியாகத்தான் போய்வரும். அது தினமும் செத்து விழும். அவள் எழுப்பி உட்கார வைப்பாள்.

ஞாயிறன்று அண்ணாச்சி சர்ச்சுக்குப் போய்விட, அவள் தனியாக வந்து பாக்கி வேலையை முடித்தாள். அன்று மட்டும்தான் அது ஒழுங்காக ஓடியது.

தௌசீஃப் அவளோடு வேலை பார்த்தவன். “பேரு, பாஸ்வேர்டு போடற எடத்துல அளவுக்கு மேல எழுத்தக் கொட்னா, பக்கத்து எடத்துலயும் வழிஞ்சி சர்வரே வுழுந்துடும், அண்ணாச்சி. வெவரம் தெரிஞ்சவன் உள்ளயே பூந்துடுவான். சாஃப்ட்வேர மாத்திடலாம்” என்று போன மாதம் சொன்னான். அவர் நம்பாததால் அடித்தே காட்டினான். சர்வர் விழுந்தது.

அண்ணாச்சி காதில் ஏறியது ‘உள்ள பூந்துடுவான்’ என்பது மட்டும்தான். அன்றைக்கே அவனை வேலையை விட்டு நிறுத்தினார். அதன்பிறகுதான் சர்வர் தினமும் விழ ஆரம்பித்தது. அவர் வேறு யாரைச் சந்தேகப்படுவார்?

போன் அடித்தது. இறால் கண்டெய்னர் டிரைவர்.

“மேடம், காயிதம் இன்னா ஆச்சு? எண்ணூர் ரோட்ல லைன்ல நின்னுகினு கீறேன். கப்பல வுட்டுடப் போறோம்!”

“தோ, அனுப்பறேண்ணே” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் திரை உறைந்தது. சர்வர் மறுபடி விழுந்துவிட்டது.

அண்ணாச்சி வெளியே வந்தார். அவர் பார்வை அவள் மேல் நின்றது.

“அவன் ஸ்டேஷன்ல இருக்கான். போனும் அங்கதான் இருக்கு. அப்போ இங்க அவனுக்கு ஆள் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒரே தெருதான?”

“ஒரே தெருன்னா நானும் திருடியா, அண்ணாச்சி?” கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

“சாயங்காலம் போலீஸ் வரும். அவங்ககிட்ட சொல்லிக்கோ.” கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜஸீமா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சர்வரை எழுப்பினாள். முதல் வேலையாக இறால் காகிதத்தை அனுப்பினாள். பிறகு, சர்வருக்குள் யார் யார் வருகிறார்கள் என்று காட்டும் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, கண் எரிய எரியக் காத்திருந்தாள்.

வந்தது. பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் மடை திறந்ததுபோல நூற்றுக்கணக்கான எழுத்துகள். சர்வர் சுருண்டு விழுந்தது.

எங்கிருந்து வந்தது என்று பார்த்தாள். வெளியிலிருந்து இல்லை, இதே ஆபீசிலிருந்து. அங்கே இருந்தது இரண்டே கம்ப்யூட்டர்கள். ஒன்றின் முன்னால் அவள் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். அண்ணாச்சி கீபோர்டின் மேல் ஒற்றை விரலை நீட்டியபடி பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

“இப்ப இன்னா அடிச்சீங்க, அண்ணாச்சி?”

“பாஸ்வேர்ட மாத்தலாம்னு தெனமும் பாக்கேன். அடிச்சு முடிக்கவும் விழுந்துருது. எங்க இருந்துதான் பாக்கானோ, பாவி!”

“இன்னா பாஸ்வேர்டு?”

அவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எங்க குடும்ப ஜெபம், முழுசும்.”