வெள்ளைக் காளானின் பசை

நான் காட்டுக் கட்டையில் முளைத்த வெள்ளைக் காளான். என் தலையெல்லாம் பசை. அதை நம்பித்தான் லட்சம் பிள்ளை பெற்றேன். ஒன்றுகூட என்னை விட்டுப் போக முடியாதே!

குடைக்கு அடியில், மடிப்பு மடிப்பாக, தூள் போல அவர்கள் இருந்தார்கள். காற்று வீசினால், "சளி பிடிக்கும், அசையாதீங்க" என்பேன். வெயிலடித்தால், "கறுத்துப் போவீங்க" என்பேன். எதிர்த்து ஒரு வார்த்தை வராது. என் வளர்ப்பு அப்படி என்று பூரித்தேன்.

என் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்த நத்தை கேட்டது:

"யாருகூடக்கா பேசிட்டே இருக்கீங்க?"

"பிள்ளைங்ககூடத்தான்."

"அவங்க முந்தாநாளே காத்தோட போயிட்டாங்களே!"

"என் பசையைத் தாண்டியா?"

"பசை மேலேதானே இருக்கு? அவங்க கீழ் வழியாப் போனாங்க."

எனக்குக் குனிந்து பார்க்கவும் வராது.

"போறப்போ ஏதாவது சொன்னாங்களா?"

"அம்மா பேசிட்டிருக்காங்க, குறுக்கே பேசக் கூடாதுன்னாங்க."

நான் சொல்லிக்கொடுத்த ஒழுக்கம்தான்.

தலையில் இரண்டு கொசுக்கள் ஒட்டிக்கொண்டு துடித்தன.

"நீங்களாவது அசையாம இருங்க," என்றேன். "வெளியே ரொம்பக் காத்து."