எதையும் மாற்றக் கூடாது

பணக்காரத் தெருவில் இருந்த அந்த நூறு வருஷத்து வீட்டின் அழகில் சொக்கிப்போய், புதுத் தபால்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். மாடி ஜன்னலில் வீட்டுக்காரர் கையை ஓங்கியபடி நின்றிருந்தார்.

"யாரை சார் அடிக்கப் போறீங்க?"

"கொசுவை. இது பாரம்பரிய வீடுன்னு அரசாங்கத்துல போட்டோ எடுத்த அன்னிக்கு ஓங்கின கை. போட்டோவுல இருக்கிற எதையும் மாத்தக் கூடாதாம். ஏழு வருஷமா தினம் பத்துலேர்ந்து அஞ்சு வரைக்கும் இப்படியே நிக்கிறேன்."

தபால்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கவாட்டில் 'கிளிக்' என்றது.

"ஏழு வருஷத்துக்கு ஒருதடவை புதுப் போட்டோ எடுப்போம்," என்றார் கேமராவோடு நின்ற அதிகாரி. "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க. இதே சிரிப்பு இருக்கணும்."

தபால்காரர் பதறி நிமிர்ந்தார். கிளிக்குக்கு முன்பே குனிந்துவிட்ட வீட்டுக்காரரை ஜன்னலில் காணோம்.

உள்ளே 'பட்'டென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. கொசு ஒழிந்தது.