பாதிக் கட்டில்

"இனிமே வெள்ளிக்கிழமை ராத்திரி நீ இங்க படுக்க முடியாது தம்பி. அவருக்கு அன்னிக்கு லீவு. கட்டில் வேணுமாம்."

வீட்டுக்காரம்மா வாசலில் நின்றபடி சொன்னதும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப நான் எங்க போறது?"

"ஊரு பெருசுதானே, எங்கயாவது போ. பஸ் டிப்போ பின்னாடி பாட்டெல்லாம் பாடுவாங்களாம். போய்க் கேட்டுட்டு விடியவும் வா."

அவனுக்கு லேத் பட்டறையில் பகல் வேலை. வாங்குகிற சம்பளத்துக்குப் பாதிக் கட்டில்தான் கட்டுப்படியானது. பாதி என்றால் இடது பக்கம், வலது பக்கம் என்று பிரித்ததில்லை. ராத்திரி இவனுக்கு, பகல் இன்னொருவருக்கு. அந்த இன்னொருவருக்கு எங்கேயோ ராத்திரிக் காவல். இவன் கிளம்பிய பிறகு அவர் வருவார், இவன் திரும்புவதற்குள் போய்விடுவார். ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு நேரே இந்த ஊருக்கு வந்தவன். பேச நாதி கிடையாது. வேலை விட்டால் அறை, அறைக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுக்கை. இப்போது அதற்கும் ஆப்பு.

"நல்லா இருப்பானா அவன்!" என்று கருவிக்கொண்டே வெள்ளிக்கிழமை தெருவில் இறங்கினான். வெளிச்சமாக இருந்த இடத்திலெல்லாம் காசு கேட்டார்கள். வேறு வழியில்லாமல் டிப்போ பின்பக்கம் போனான்.

பஸ் கழுவுகிறவர்கள், அச்சாபீஸ்காரர்கள், லீவில் இருந்த டிரைவர்கள் என்று ஒரு கூட்டம் பழைய டயர்களில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. ஒருவர் மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கே 'தாளம்' என்றுதான் பெயர்.

"என்ன தம்பி, தொலைஞ்ச மாட்டைத் தேடுற மாதிரி நிக்கிற? உட்காரு."

டீ வந்தது. டீ உள்ளே போனதும் அவன் பொருமல் வெளியே வந்தது.

"என் கட்டில்ல ஒருத்தன் இருக்கான் அண்ணே. லீவுன்னா ராஜா மாதிரி காலை நீட்டிப் படுக்கணுமாம். நான் தெரு நாயா அலையணும்."

"அட கிராதகா!" என்றார் தாளம்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தாளம் இருமல் வரும்வரை சிரித்தார்.

அப்புறம் வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று ஆகிவிட்டது. அவனைப் பாடச் சொன்னார்கள். குரல் கழுதைக்குத் தங்கச்சி என்று தெரிந்ததும் கைதட்டுகிற வேலையைக் கொடுத்தார்கள். எந்தக் கடையில் சாத்துகிற நேரத்தில் போனால் சாப்பாடு மலிவு, எந்தச் சந்தில் புகுந்தால் பஸ் காசு மிச்சம் என்றெல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டான். பாடி ஓய்ந்தால் ஓரமாக நின்ற பஸ்ஸில் ஏறிப் படுத்துக்கொள்வார்கள். அடுத்த சீட்டில் தாளம் குறட்டை விடுவார்.

அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும். அது அவனுக்கே தெரியும். ஆனாலும் கட்டில்காரர் மேல் இருந்த கடுப்பு மட்டும் இறங்கவில்லை. மனுஷ மனசு வேறெப்படி இருக்கும்?

பட்டறையில் வேலை நிரந்தரமாயிற்று. தாளத்திடம்தான் முதலில் ஓடினான்.

"அண்ணே, முழு வாடகையும் நானே தரேன்னு வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லப்போறேன். அந்த ஆளைக் கிளப்பிட்டுத்தான் மறுவேலை."

பெட்டி மேல் இருந்த கை நின்றது.

"வயசானவனா இருந்தா எங்கடா போவான்?"

"எங்கயாவது போகட்டும். நான் போகல?"

தாளம் அவன் பக்கம் திரும்பினார்.

"தனியா இருந்துக்குவியா?"

"இருந்துக்குவேன் அண்ணே. எனக்கென்ன?"

"அப்ப சரி" என்று மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

கட்டில் முழுசாகக் கிடைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் விரட்டாமலே டிப்போவுக்குப் போனான். தாளம் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மரப்பெட்டி கேட்பாரற்றுக் கிடந்தது. பாட்டிலும் சுரத்தில்லை.

"தாளம் அண்ணன் எங்க?"

பஸ் கழுவுகிற அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"ஊரை விட்டே போயிட்டார். அந்தக் காவல்காரச் சம்பளத்துக்கு வேற இடம் அமையல."

"ஏன்க்கா, இருந்த இடத்துக்கு என்ன?"

"பாதிக் கட்டில்தானே இருந்தது. அதுவும் போச்சு."

அவன் மரப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். அக்கா தொடர்ந்தாள்.

"காலையில வந்து படுத்தா தலையணை நனைஞ்சிருக்கும்னு சொல்வார். 'சின்னப் பையன், ராத்திரி பூரா அழறான். இப்படியே விட்டா எதையாவது பண்ணிக்குவான். வாரத்துல ஒரு நாளாவது நாலு பேர்கிட்ட தள்ளிவிடணும்'னு அவர்தான் உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிப் பொய் சொல்ல வெச்சார். வெள்ளிக்கிழமை அந்தக் கட்டில்ல யாருமே படுக்கலடா."

அவனால் நிமிர முடியவில்லை.

"என்னைச் செருப்பாலேயே அடிங்கக்கா" என்றான்.

"திட்டணும்னு நாக்கு துடிக்கத்தான் செய்யுது. என்ன பண்றது?" என்றாள் அவள். அதற்குள் கூட்டம் நெருங்கி உட்கார்ந்து ஒரு டயரைக் காலி பண்ணியிருந்தது.

"'வெள்ளிக்கிழமை வருவான், திட்டாதீங்க, இடம் விடுங்க, அவனுக்கு வேற யாருமில்ல'ன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கார். உட்காரு."