வானத்திலிருந்து அழுதவன்

“யாரும்மா போயிட்டாங்க?”

சைகோனில் நாடகக் கொட்டகையின் பின்வாசலில் அம்மா நின்றிருந்தாள். தலையில் வெள்ளைத் துக்கத்துணி. அதைப் பார்த்ததும் பதறிப்போய்க் கேட்டான் கியெம்.

“நீதான்” என்றாள் அம்மா.

அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய், உடுப்புப் பெட்டி மேல் உட்கார வைத்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. அந்த டேப்.

கியெம் பதினோரு வருஷமாக நடிகன். அப்படித்தான் அவன் சொல்லிக்கொள்வான். குழுவில் மற்றவர்கள் அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். ராஜா வரும்போது பின்னால் ஈட்டி பிடித்து நிற்பது அவன் வேலை. ஒரு தடவை நம்பிக்கை வைத்துத் தளபதியின் பிணமாகப் படுக்க வைத்தார்கள். ராணி வந்து விழுந்து அழும் நேரத்தில் தும்மிவிட்டான். அன்றைக்குக் கிடைத்த கைதட்டல் அதற்கு முன்னும் பின்னும் தனக்குக் கிடைத்ததில்லை என்று அவனே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

அரசாங்கப் படைக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் அவன் பெயரும் வந்தது. நடிகன் என்று தெரிந்ததும் பிரசாரப் பிரிவின் கேப்டன் லாப், துப்பாக்கிக்குப் பதிலாக மைக் பிடிக்கிறாயா என்று கேட்டார். கியெம் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. துப்பாக்கி பிடித்தால் எதிரே இன்னொரு துப்பாக்கி இருக்கும். மைக் பிடித்தால் எதிரே சுவர்தான்.

செத்துப்போன கெரில்லா ஒருவனின் ஆவியாகப் பேச வேண்டும். அடக்கம் செய்ய ஆளில்லாமல் அலைகிறேன், நீங்களாவது வீட்டுக்குத் திரும்புங்கள் என்று தோழர்களிடம் அழ வேண்டும். அதைப் பதிவு செய்து, ஹெலிகாப்டரில் ஒலிபெருக்கி கட்டி, இருட்டிய பிறகு ஆற்றோரக் காடுகளின் மேல் சுற்றிச் சுற்றிப் போடுவார்கள்.

அழுகை வரவில்லை. முதல் தடவை கேட்டுவிட்டுப் பதிவு செய்பவர் சிரித்தார். ஐந்தாவது தடவை கேப்டனும் சிரித்தார். ஒன்பதாவது தடவை யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

“எழுதிக் கொடுத்ததை விடுய்யா. உங்கம்மாவை நினைச்சுக்கிட்டுப் பேசு” என்றார் கேப்டன்.

கியெம் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசினான். பென் த்ரேயில் வாய்க்காலை ஒட்டி, தென்னைகளுக்கு நடுவில் இருக்கும் தன் வீட்டைச் சொன்னான். வாத்து முட்டைக் கூடையோடு சந்தைக்குப் படகேறும் அம்மாவைச் சொன்னான். “பசிக்குதும்மா” என்று சொல்லி முடித்தான். கேப்டன் தோளில் தட்டிக் கொடுத்து, நாடகக் குழுவுக்கே திருப்பி அனுப்பினார்.

அந்த ஹெலிகாப்டர் தன் ஊருக்கு மேலேயே பறக்கும் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை.

போன மாதம் அது வந்ததாம். அம்மா சொன்னாள். ஊர் மொத்தமும் வெளியே வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். மூக்கால் பேசும் அந்தக் குரலை அறியாதவர் ஊரில் யார் இருக்கிறார்கள்? இது நம்ம கியெம் மாதிரி இல்லையா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டு முடிப்பதற்குள் அம்மா வாசல் சேற்றில் விழுந்து, மார்பில் அடித்துக்கொண்டு கதறத் தொடங்கிவிட்டாள். நாலு பேர் சேர்ந்துதான் தூக்கினார்கள். மறுநாளே முன்னோர் படங்களுக்குப் பக்கத்தில் அவன் படம் ஏறியது. பிக்கு வந்து மந்திரம் சொன்னார். ஊருக்கே சாப்பாடு. காட்டுக்குள் இருக்கும் கெரில்லாக்களின் வட்டாரத் தலைவரே வந்து ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போனார்.

பெற்றவளை இப்படி அழ வைத்துவிட்டோமே என்பது கியெமின் மனசை அறுத்தது. ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் மெல்லத் தலை தூக்கியது. அவனுக்கே வெட்கமாக இருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு முழு ஊர் அவன் நடிப்பை நம்பியிருக்கிறது.

“உயிரோடதாம்மா இருக்கேன். தொட்டுப் பாரு.”

அம்மா கையைத் தொட்டுப் பார்த்தாள். “இளைச்சுட்ட” என்றாள்.

செத்துப் பிழைத்து வந்தவனுக்கு இந்த வரவேற்பு கொஞ்சம் குறைச்சல்தான். அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, எதிர்க்கடைக்கு ஓடி நூடுல்ஸ் சூப் வாங்கி வந்தான். அம்மா நிதானமாக ஊதி ஊதி, அடிச்சொட்டு வரை குடித்தாள்.

அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “எந்த இடத்துலம்மா நம்பின? பசிக்குதுன்னு சொன்னேனே, அங்கயா?”

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“நம்பறதா? வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சுடா, வயிறு நிறையத் தின்னுட்டு எங்கயோ சௌக்கியமா உக்காந்து பொய்யழுகை அழறேன்னு. ஊர்க்காரங்களுக்கும் அது தெரிஞ்சுட்டா, அரசாங்கத்துக்காகப் பேசறவனோட வீட்டைக் காட்டுக்காரங்க விட்டு வைப்பாங்களா? அதான் யாரும் யோசிக்கறதுக்குள்ள நான் சேத்துல விழுந்தேன். என் பிள்ளையை அரசாங்கப் படை பிடிச்சுட்டுப் போய், பேச வச்சுக் கொன்னுட்டாங்கன்னு சொன்னேன்; வட்டாரத் தலைவரே கண்ணைத் துடைச்சுக்கிட்டார். நீ பாட்டுக்குத் தெத் புத்தாண்டுக்கு ஊருக்கு வந்து நின்னு எல்லாத்தையும் கெடுத்துடாதேன்னு சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன்.”