எண்ணெய் பட்ட வசனம்

"கண்ணை மூடுங்க!"

"நீயும் மூடிக்கினு, நானும் மூடிக்கினா, கொழந்தைய யாரு பாக்கறது?"

எங்கள் வீட்டுக் காலை ஜெபம் தினமும் இப்படித்தான் ஆரம்பிக்கும். என் கணவர் தீனதயாளனுக்குக் கூட்டேரிப்பட்டில் பைக் மெக்கானிக் கடை. என்னைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் எடுத்தவர். தலை நனைந்ததோடு சரி, உள்ளே ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை என்பது என் கணிப்பு.

நான் அப்படியா? விழுப்புரத்தில் கான்வென்ட் படிப்பு. வேதப் போட்டியில் மெடல். "ஆண்டவரே, இந்த மனுஷன் ஒரே ஒரு வசனமாவது தானா எடுத்துப் படிக்கணும்" என்று தினமும் ஜெபிப்பேன், அவர் காதில் விழுகிற மாதிரி.

இவ்வளவு விசுவாசம் உள்ளவள், எங்கள் ஒன்பது மாதப் பெண் தமிழ்மொழிக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்த அன்று என்ன செய்தேன் தெரியுமா? பைபிளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

"தலையில ஒரு ஸ்கேன் பாத்துடலாம். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில வாங்க" என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் வசனப் பெட்டியைத் திறந்தேன். கையகலப் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே வசனம் அச்சடித்த குட்டிக் கார்டுகள். கண்ணை மூடி ஒன்றை உருவினால், அன்றைக்கு ஆண்டவர் நமக்குச் சொல்லும் வார்த்தை அதுதான்.

எனக்கு வந்தது, நேசிக்கிற பிள்ளையை ஆண்டவர் அடித்துத் திருத்துவார் என்கிற மாதிரி ஒன்று.

திண்டிவனம் போகிற பஸ் முழுக்க அழுதேன். அங்கே ஒரு லேபில் எனக்கு டெக்னீஷியன் வேலை. அழுத கண்ணோடு இரண்டு பேருடைய ரத்த டியூபில் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன். நல்லவேளை, ரிப்போர்ட் போவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். மேனேஜர் பாண்டுரங்கன் சார் மெமோவை நீட்டினார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எழுத்துல விளக்கம் குடும்மா. அப்பறம் உன்ன வெச்சுக்கறதா வேணாமான்னு பாக்கலாம்."

காலையில் குழந்தை, சாயங்காலம் வேலை. இயேசுவைச் சிலுவையில் அறைந்த பெரிய வெள்ளி மாதிரி, எனக்கு அது பெரிய வெள்ளி.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். "இனிமே அந்தப் பெட்டியைத் தொடவே மாட்டேங்க. பயமா இருக்கு."

"ஒரு அட்டைக்குப் போயி இப்டி அழுவுறியே. ரெண்டு நாள் கம்முனு இரு செலினு. அப்பால எடுத்துப் பாரு, வேற வரும்" என்றார்.

வசனமே தெரியாத மனுஷன் எனக்கு யோசனை சொல்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் இரண்டு நாள் கழித்து எடுத்தேன்.

'பயப்படாதே' என்று ஆரம்பித்தது கார்டு.

அடுத்த நாள் வேறொரு கார்டு. அதிலும் 'பயப்படாதே'. அதற்கடுத்த நாளும். ஆறு நாள் விடாமல்! இன்னொரு அதிசயம், ஒவ்வொரு கார்டின் மூலையிலும் லேசாக எண்ணெய்க் கறை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை. "மூளையில ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். குழந்தையைத்தான் சொன்னார். "வெறும் காய்ச்சல் வலிப்பு. வளர வளரப் போயிடும்."

அதே தைரியத்தில் லேபுக்குப் போய், 'தப்பு என்னுடையதுதான்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்.

பாண்டுரங்கன் சார் இரண்டு முறை படித்தார். "எல்லாரும் மிஷினைத்தான் திட்டுவாங்க. நீ ஒருத்திதான் ஒத்துக்கினு இருக்க. போய் வேலையப் பாரு."

விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை சபையில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னேன். "ஆறு நாள்! ஆறு 'பயப்படாதே'! ஒவ்வொண்ணுலயும் அபிஷேக எண்ணெய்!"

"அல்லேலூயா!" என்றது சபை.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டே, "சிலபேர் வீட்டுல பெட்டி இருந்தும் தொட்டுக்கூட பாக்கறதில்ல. அந்தக் கடின இருதயங்களுக்காகவும் ஜெபிங்க" என்று சேர்த்தேன்.

கடைசி பெஞ்சில் அவர் குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துக் கைதட்ட வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பால் பாட்டிலை எடுக்க அவர் பைக்கின் சைடு பெட்டியைத் திறந்தேன். ஸ்பேனர்களுக்கு நடுவே ஒரு பெரிய பை. உள்ளே ஐந்து காலி வசனப் பெட்டிகள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாகக் கார்டுகள். என்னை அழவைத்த அந்தக் கார்டுதான் மேலேயே இருந்தது. எல்லாவற்றின் மூலையிலும் அதே கறை.

"என்னங்க இது?"

மாட்டிக்கொண்டவர் மாதிரி தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் உனக்கு ஆவாத கார்டு. இப்ப உன் பெட்டில இருக்கறது மொத்தமும் பயப்படாதேதான். ரொம்பினாப்ல தெரியணும்னு அடியில டயர் ரப்பரு வெட்டி வெச்சிருக்கேன்."

"அந்த எண்ணெய்?"

"கிரீஸு. எத்தினி வாட்டி கைய கழுவுனாலும் போவுதா? நீ மைக்குல அபிஷேகம்னு சொல்லிட்ட, நானும் கம்முனு இருந்துட்டேன்."

"அதுக்கு எதுக்குங்க இத்தனை பெட்டி?"

"ஒரு பெட்டிக்கு நாலோ அஞ்சோதான் தேறுது செலினு. பேஜாரு புடிச்ச வேலை. ஒவ்வொண்ணா முழுசா படிச்சாத்தான தெரியுது?"

உள்ளே போய் என் பெட்டியைக் கவிழ்த்தேன். ரப்பர் துண்டு விழுந்தது.

பெட்டிக்கு இருநூறு கார்டு. என்னுடையதோடு ஆறு பெட்டி. ஆயிரத்து இருநூறு வசனத்தையும் ஒன்றுவிடாமல் படித்திருக்கிறார் அந்தக் கடின இருதயக்காரர்.

வேதப் போட்டியில் மெடல் வாங்கிய நான், அந்த வாரம் முழுக்கப் படித்தது ஆறே ஆறு.

அதுவும் அவர் பொறுக்கிக் கொடுத்தது.