வாய் நம்பிக்கை

"விபத்துல போனா ரெண்டு மடங்கு கிடைக்குமா, அண்ணா?"

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே அவள் கேட்டாள். இன்ஷூரன்ஸ் ஏஜென்டின் பேனா நின்றது. எதிரே இருந்தவள் அவருடைய பள்ளித் தோழனின் மனைவி.

"கிடைக்கும்மா. பாலிசி யாருக்கு?"

"உங்க சிநேகிதருக்குத்தான். அவருக்குத் தெரிய வேண்டாம். சாப்பாட்டுல ஏதாவது கலந்திருந்து போனாலும் விபத்துதானே?"

ஏஜென்ட் பேனாவை மூடி வைத்தார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை திரும்புவதற்குள் நண்பனுக்குப் போன் பறந்தது. "டேய், இனிமே அவ கையால பச்சைத் தண்ணிகூடக் குடிக்காதே."

ஒரு மாதம் கழித்து ஒரு மதியம் அவள் மறுபடி வந்தாள். மனைவி கொடுத்தனுப்பிய சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்த ஏஜென்ட் நிமிர்ந்து பார்த்தார்.

"அவன்... நல்லா இருக்கானாம்மா?"

"ரொம்ப நல்லா இருக்கார். மூணு வேளையும் அவரே சமைக்கறார். முதல்ல எனக்குப் போட்டு, நான் சாப்பிட்டு எழுந்தப்புறம்தான் தொடறார். பதினெட்டு வருஷமா ஒரு டம்ளர் கழுவாத மனுஷன்."

ஏஜென்ட் வாயைப் பிளந்தார். "அப்போ அன்னிக்குக் கேட்டதெல்லாம்?"

"ஊர்ல இத்தனை ஏஜென்ட் இருக்க, உங்களை ஏன் தேடி வந்தேன்? உங்க வாயில எதுவும் நிக்காதுன்னு அவர்தான் சொல்வார்."

"இரு, இதையும் அவன்கிட்ட..."

"தாராளமா சொல்லுங்க." முதல்முறையாகக் கண்ணாடியைக் கழற்றினாள். "உங்க வீட்டு அண்ணியும் நானும் இப்போ ஒண்ணாத்தான் மார்க்கெட் போறோம்."

ஏஜென்ட் டப்பாவை மெல்ல மூடினார்.