ஒரு விரல் இடைவெளி

மேற்கு வெயில் மூன்றாம் மாடிக்குள் சாய்ந்து விழுகிறது. சுரங்கத்துப் பக்கமிருந்து கரி சுமக்கும் கன்வேயரின் இரைச்சல் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. புதுக் குவார்ட்டர்ஸ் கட்டும் காண்ட்ராக்டரிடம் இன்ஜினியராக இருக்கும் முத்துச்செல்வி, கான்கிரீட் தூணுக்கும் செங்கல் சுவருக்கும் நடுவே விரலை வைத்துப் பார்க்கிறாள். விரல் போகவில்லை. நேற்று அவள் விடச் சொன்ன இடைவெளியில் சிமெண்டுக் கலவை இறுகிக் கிடக்கிறது. அதுவும் கொத்துக்கரண்டியால் தேய்த்துத் தேய்த்து, கண்ணாடி மாதிரி.

"சந்து வுட்டா மேலேருந்து செக் பண்ண வர்றவங்க உங்களத்தான மேடம் கேப்பாங்க? அதான் நானே அடைச்சிட்டேங்க" என்கிறார் கொத்தனார் ராஜாங்கம். திருநெல்வேலியிலிருந்து அவள் வந்த இந்த நாலு மாதத்தில், சாப்பிட்டீங்களா என்று கேட்கிற ஒரே ஆள்.

"பூமி அதிர்ந்தா தூண் ஆடும்ணே. சுவரு இறுக்கிப் பிடிச்சிருந்தா ரெண்டும் மோதி உடைஞ்சிரும். நடுவுல அமுங்குற ஃபோம் பட்டைதான் வைக்கணும். கொத்தி எடுத்திருங்க."

அவர் உளியை எடுக்கிறார். தான் இழைத்ததைத் தானே கொத்துகிறார். சித்தாள்கள் கைவேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்க்கிறார்கள். கொத்தி முடிக்கும்போது சுவருக்கு அப்பால் டீ வந்துவிடுகிறது. எல்லோரும் அங்கே போய்விடுகிறார்கள். ஃபோம் பட்டையைக் கையில் பிடித்தபடி அவள் நிற்கிறாள். திறந்த இடைவெளி வழியே, ஒரு விரல் அகலத்துக்கு அந்தப் பக்கம் தெரிகிறது. ராஜாங்கம் அவளுடைய டம்ளரில் டீயை ஊற்றி, தூசி விழாமல் காகிதத்தால் மூடி, செங்கல் அடுக்கின் மேல் வைக்கிறார். தினமும் போல "மேடம், டீ" என்று கூப்பிடவில்லை.